ஃபிக்ஸட் கியர் ஹப்புல சின்ன பார்ட் மாத்துறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

போன ஞாயித்துக்கிழமை காரைக்குடியில தெரிஞ்ச பையன் ஒருத்தன் ஃபிக்ஸட் கியர் சைக்கிளோட (வீல் சுத்துனா மிதியும் கூடவே சுத்தும், சும்மா உருளாது) பின் வீலைத் தூக்கிட்டு வந்து திண்ணையில வச்சுட்டு "அண்ணே, லாக்ரிங் போயிருச்சு, அதை மட்டும் மாத்திக் குடுங்க"ன்னான். கழட்டிப் பாத்தா போனது லாக்ரிங் (செயின் ஓடுற பல்சக்கரம் கழளாம மேல பூட்டுற வளையம்) இல்ல, ஹப்பே (வீலோட நடு உருளை) போயிருச்சு. நாலு வருசத்துக்கு முன்னாடி நான் பண்ணுன அதே கூத்து. கிரீஸ் வைங்க, நட்டை இறுக்குங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதை விட்டுடுறேன்.

லாக்ரிங்கை நம்பி பல்சக்கரத்தை லூசா விடுறது

(கடையில காக்னுதான் கேக்கணும், ஆனா "காக்கை இறுக்குங்க"ன்னு எழுதுனா பறவை ஞாபகம் வருது, அதனால பல்சக்கரம்.)

சரியான ஃபிக்ஸட் ஹப்புல வலது பக்கம் ரெண்டு படியா மரை இருக்கும். உள்ள இருக்கிற பெரிய படி வலது மரை (கடிகாரம் சுத்துற பக்கம் திருப்புனா இறுகும்), பெரும்பாலும் 1.37 இஞ்சு, இஞ்சுக்கு 24 மரை, அதுல பல்சக்கரம் ஏறும். வெளிய இருக்கிற சின்னப் படி அதுக்கு எதிரான இடது மரை, அது லாக்ரிங்குக்கு. முன்னாடி மிதிச்சா பல்சக்கரம் இறுகும். பின்னாடி அழுத்தி வேகத்தைக் குறைச்சா அது கழளப் பாக்கும், கூடவே லாக்ரிங்கையும் சுத்தப் பாக்கும், ஆனா இடது மரைங்கிறதால லாக்ரிங் அந்தப் பக்கம் சுத்துனா இன்னும் இறுகத்தான் செய்யும். இதைக் கேட்டுட்டு நம்மாளுங்க லாக்ரிங்கை மட்டும் வெறியா இறுக்கிட்டு சக்கரத்தைக் கையால திருகி விட்டுடுறாங்க.

நானும் அப்படித்தான் விட்டேன். கானாடுகாத்தான் வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம்னு கிளம்பி, கோட்டையூர் தாண்டுனதும் பின்னாடி அழுத்துறப்பல்லாம் ஒரு "டிக்", திரும்ப முன்னாடி மிதிச்சா ஒரு "டிக்". செயின் சத்தம்னு நெனச்சு ஓட்டிட்டே இருந்தேன் பாருங்க, அதை நெனச்சா இன்னைக்கும் எரிச்சலா வருது. சக்கரம் அடி வரைக்கும் உக்காராததால ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் உள்ள போகுது, லாக்ரிங் வெளியவே நிக்குது, நடுவுல இடைவெளி, அந்த இடைவெளியில சக்கரம் முன்ன பின்ன ஆடுது. சக்கரம் இரும்பு, ஹப்பு அலுமினியம், எது தேயும்னு சொல்ல வேண்டியதில்ல. பள்ளத்தூர் கிட்ட மிதி சுத்துது, வண்டி போகல. வீட்டுக்கு வந்து கழட்டுனா கறுத்த கிரீஸுக்குள்ள அலுமினிய மரை இடியாப்ப இழை மாதிரி சுருண்டு வருது.

சின்ன வளையம்தானேன்னு அலட்சியமா மாட்டுனதுக்குப் புது ஹப்பு, அதுக்கு ஏத்த நீளத்துல 32 போக்ஸ் கம்பி, வீல் கட்டுற கூலி, கோட்டம் எடுக்கிற கூலின்னு எல்லாம் தலையில விழுந்துச்சு.

மரையைத் துடைச்சு கிரீஸ் வச்சு, பல்சக்கரத்தை செயின் விப் (செயின் துண்டு மாட்டுன கைப்பிடி) போட்டு முழு பலத்தோட இறுக்குங்க. லாக்ரிங்கைக் கையால மட்டும் ஏத்திட்டு ஏதாவது பாலத்து ஏத்தத்துல (நம்ம ஊரு பக்கம் வேற ஏத்தம் எங்க இருக்கு) நல்லா மிதிச்சு ஏறுங்க, பின்னாடி மட்டும் அழுத்தாதீங்க, நிறுத்த பிரேக் பிடிங்க. வந்து மறுபடி சக்கரத்தை ஒரு இறுக்கு, அப்புறம்தான் லாக்ரிங்குக்கு ஸ்பேனர்.

சாதா ஃப்ரீவீல் ஹப்புல (மிதிக்காதப்போ சும்மா உருளுற ரகம்) பல்சக்கரத்தை ஏத்தி, பெடல் அச்சு இருக்கிற பாட்டம் பிராக்கெட்டோட லாக்ரிங்கை மேல போடுறது

ரெண்டும் ஒரே வலது மரை. கழண்டா சேந்தே கழளும்.

லாக்ரிங்கை உளி வச்சுத் தட்டுறது

ஹூக் ஸ்பேனர் (கொக்கி முனை இருக்கிறது) வாங்குங்க. கழட்டுறதுக்குக் கடிகாரம் சுத்துற பக்கம், மறந்துடாதீங்க.

கண்ணால அளந்து ஆக்ஸில் வாங்குறது

10 எம்எம் ஆக்ஸிலும் (ஹப்புக்குள்ள போற அச்சு) பாக்க ஒண்ணாவே தெரியுற 3/8 இஞ்சு ஆக்ஸிலும் வேற வேற. 3/8ங்கிறது ஒம்போதரை எம்எம்தான். 10 எம்எம் கோன் (ஆக்ஸில்ல திருகி பேரிங் குண்டைத் தாங்குற கூம்பு நட்டு) அதுல லொடலொடன்னு ஏறிடும், இறுக்குனா மரை வழிச்சுக்கும். பழைய கோனைக் கையோட கொண்டு போய் கடையிலயே ஏத்திப் பாருங்க.

பழைய பேரிங் குண்டோட புதுக் குண்டைக் கலக்கிறது

மாத்துனா மொத்தமா மாத்துங்க. கோன் வச்ச பின் ஹப்புன்னா பொதுவா கால் இஞ்சு குண்டு, பக்கத்துக்கு 9. கீழ ஒரு தாம்பாளம் வச்சுக்குங்க, ஆத்தங்குடிக் கல்லு போட்ட தரையில ஒண்ணு விழுந்தா அடுத்த கட்டு வரைக்கும் ஓடும்.

முன் பிரேக்கைக் கழட்டுறது

கழட்டாதீங்க. அன்னைக்குப் பள்ளத்தூர் கிட்ட வண்டி அதுலதான் நின்னுச்சு.