அலுவலகக் கடிதம்: அனுப்பும் முன் கடைசிச் சொல்லைப் பாருங்கள்

அலுவலகக் கடிதங்களில் அதிகம் கண்ணில் படும் பிழை ஒருமை பன்மை மயக்கம்தான். 'ஆவணங்கள் இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதிவிடுகிறோம். 'இணைக்கப்பட்டுள்ளன' என்பதே சரி. வாக்கியம் நீண்டால் இந்தப் பிழை நன்றாக ஒளிந்துகொள்ளும். 'கடந்த மாதம் தாங்கள் கேட்டிருந்த விலைப்பட்டியலின் திருத்தப்பட்ட பிரதிகள் இன்று அனுப்பப்பட்டது' என்பதைப் பாருங்கள். எழுவாய் 'பிரதிகள்', அப்படியானால் முடிவில் 'அனுப்பப்பட்டன' என்றுதான் வர வேண்டும். எனவே வினைமுற்றில் விரலை வைத்து, 'எது? எவை?' என்று கேளுங்கள். பதில் எழுவாயைக் காட்டிவிடும். 'ஒவ்வொரு' வந்தால் ஒருமைதான்: 'ஒவ்வொரு கிளைகளும்' அல்ல, 'ஒவ்வொரு கிளையும்'.

அடுத்தது ஒற்று. 'ஐ', 'கு' உருபுகளுக்குப் பின் க, ச, த, ப வரிசை எழுத்துகள் வந்தால் ஒற்று மிகும்: 'கடிதத்தைப் பெற்றோம்', 'தங்களுக்குத் தெரிவிக்கிறோம்'. இந்த விதிக்குப் பயந்து கண்ட இடத்திலெல்லாம் ஒற்றைத் தூவுவோரும் உண்டு. 'அனுப்பியப் பட்டியல்' பிழை. 'அனுப்பிய பட்டியல்' போதும்.

'தாங்கள்' என்று தொடங்கிய கடிதம் நடுவில் 'நீங்கள்' என்று மாறுவதை இலக்கணப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனாலும் படிப்பவருக்கு உறுத்தும். ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.