டாலர் வாங்குவதும் விற்பதும்: ஊகத்தில் இறங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நாணய மாற்றுக் கடையின் பலகையில் டாலருக்கு எதிரே இரண்டு விலைகள் இருக்கும். ‘வாங்கும் விலை’ என்பது கடைக்காரர் நம்மிடமிருந்து டாலரை வாங்கும் விலை. நாம் டாலர் வாங்கும்போது கொடுக்க வேண்டியது ‘விற்கும் விலை’. எடுத்துக்காட்டாக, விற்கும் விலை 86.70 ரூபாய், வாங்கும் விலை 83.20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்று 1,000 டாலரை 86,700 ரூபாய்க்கு வாங்கி இன்றே திருப்பி விற்றால் கையில் கிடைப்பது 83,200 ரூபாய்தான். போட்ட பணம் திரும்ப வருவதற்கே வாங்கும் விலை 4 விழுக்காட்டுக்கும் மேல் ஏற வேண்டும் என்பதால், விலை ஏறும் என்று நம்பி டாலர் தாள்களை வாங்கி வைப்பது லாபத்துக்கு வழியாகாது.

பயணத்துக்காக வாங்குபவர்கள், ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற முகவரிடமோ வங்கியிலோ பாஸ்போர்ட், பான் அட்டை, பயணச் சீட்டு ஆகியவற்றைக் காட்டி வாங்க வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் வரை தாள்களாகவும், மீதியை ஃபாரெக்ஸ் கார்டிலும் (வெளிநாட்டுப் பணம் ஏற்றிய அட்டை) எடுத்துச் செல்லலாம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகச் செலுத்த முடியாது. ரசீதைத் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய பின் மிஞ்சியதில் 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் விற்றுவிட வேண்டும்.

இனி ஊக வணிகத்துக்கு வருவோம். 2008 ஆகஸ்டில் தேசியப் பங்குச் சந்தையில் டாலர்–ரூபாய் முன்பேர வணிகம், அதாவது பின்னொரு தேதிக்கான விலையை இன்றே ஒப்பந்தம் செய்துகொள்ளும் வணிகம், தொடங்கியது. ஒரு லாட் என்பது 1,000 டாலர். ஆகவே விலை ஒரு ரூபாய் நகர்ந்தால் ஒரு லாட்டுக்கு 1,000 ரூபாய் லாபமோ நட்டமோ ஏற்படும். டாலர் கைமாறுவதே இல்லை. கணக்கு முழுவதும் ரூபாயிலேயே தீர்க்கப்படுகிறது. மொத்த மதிப்பில் ஒரு சிறு பங்கை மார்ஜினாக (ஈட்டுத் தொகையாக) கட்டினால் போதும் என்பதுதான் இதன் கவர்ச்சி, ஆபத்தும் அதுவேதான். பத்து லாட் வைத்திருப்பவருக்கு எதிர்த்திசையில் ஐம்பது பைசா நகர்ந்தாலே 5,000 ரூபாய் போய்விடும். அன்றன்றைய நட்டம் அன்றன்றே கணக்கிலிருந்து கழிக்கப்படும்.

ஆனால் 2024 மே 3 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ரூபாய் தொடர்பான இவ்வகை ஒப்பந்தங்களில் ஈடுபடுபவருக்கு அன்னியச் செலாவணியில் உண்மையான வரவோ செலவோ இருக்க வேண்டும். 10 கோடி டாலர் வரை ஆவணம் காட்டத் தேவையில்லை என்பதைச் சிலர் அந்த வரவோ செலவோ இருக்கத் தேவையே இல்லை என்று பொருள்கொள்கிறார்கள், அது தவறு. மூன்று மாதம் கழித்து 20,000 டாலர் வரவிருக்கும் திருப்பூர் ஏற்றுமதியாளர் 20 லாட்டை இன்றே விற்று வைத்தால், டாலர் சரிந்தாலும் அவர் எதிர்பார்த்த ரூபாய் வருவாய் பெருமளவு காப்பாற்றப்படும். இந்தச் சந்தை அவருக்காகத்தான் இருக்கிறது. அப்படி வரவோ செலவோ எதுவும் இல்லாத ஒருவர் ஊகத்துக்காக மட்டும் இதில் நுழையக் கூடாது.

இந்தக் கதவு மூடப்பட்டதும் பலர் கைப்பேசிச் செயலிகளின் பக்கம் திரும்புகிறார்கள். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். நூறு டாலர் கட்டினால் பல ஆயிரம் டாலருக்கு வணிகம் செய்யலாம் என்று அழைக்கும் வெளிநாட்டுத் தளங்களுக்கு மார்ஜின் பணம் அனுப்புவது ஃபெமா என்ற அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்டது. அனுப்பியவரும் பொறுப்பாளி, அபராதம் தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். 2022 முதல் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் அனுமதி பெறாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகிறது. அதில் ஒரு தளத்தின் பெயர் இல்லாததாலேயே அது அனுமதி பெற்றது ஆகிவிடாது.

என் உறவினர் ஒருவரின் செயலித் திரையில் லாபம் நாள்தோறும் வளர்ந்தது. எடுக்க முயன்றபோது, முதலில் ‘வரி’ கட்டச் சொன்னார்கள். கட்டிய பிறகு ‘சரிபார்ப்புக் கட்டணம்’ கேட்டார்கள். இப்படிக் கேட்கப்பட்டால் மேற்கொண்டு ஒரு ரூபாய்கூட அனுப்பாமல், பரிமாற்ற எண்களையும் உரையாடல்களையும் சேமித்துக்கொண்டு, அன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் உங்கள் வங்கியிலும் புகார் அளியுங்கள்.