போர் தண்ணீரில் கார் கழுவுவோருக்கு

கருப்பு அல்லது அடர்நீலக் கார் ஒன்றை உச்சி வெயிலில் நிறுத்தி, பானெட்டில் சூரியன் மின்னும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். வெள்ளைக் காரிலும் அதே கீறல்கள் உண்டு, கண்ணுக்கு எளிதில் படாது, அவ்வளவுதான். இவற்றில் பெரும்பாலானவை காலையில் கார் துடைக்கும் துணி போட்டவை. ஒரே வாளித் தண்ணீர், ஒரே பனியன் துணி, வரிசையாக ஏழெட்டு கார் என்று அபார்ட்மென்ட்களில் துடைக்கிறார்களே, அதில் மூன்றாவது கார் வருவதற்குள் வாளித் தண்ணீர் மணல் கரைசல் ஆகிவிடுகிறது. மணல் துகள் பெயின்ட்டைவிடப் பல மடங்கு கடினமானது. உலர்ந்த தூசியைத் தட்டும் டஸ்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பெயின்ட்டின் மேலே இருக்கும் நிறமற்ற படலத்துக்குக் கிளியர் கோட் என்று பெயர். பளபளப்பும், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சக்தியும் அதில்தான் இருக்கின்றன. அதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. கீறலை எடுக்க பாலிஷ் போடும்போதெல்லாம் இந்தப் படலம்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை மெஷின் பாலிஷ் போடுகிற கார், சில வருடங்களில் கூரையிலும் பானெட்டிலும் திட்டுத்திட்டாக வெளுத்து உரியத் தொடங்குவது இதனால்தான். கீறல் விழாமல் கழுவத் தெரிந்தால் பாலிஷுக்கு வேலையே குறைவு.

தண்ணீர்தான் முதல் சிக்கல்

சென்னையிலும் இன்னும் பல ஊர்களிலும் போர் தண்ணீரின் டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, மில்லிகிராமில்) சாதாரணமாகவே 1000-ஐத் தாண்டும். அந்தத் தண்ணீர் பானெட்டில் சொட்டாக நின்று காய்ந்தால் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வளையமாக ஒட்டிக்கொள்ளும். குளியலறைக் குழாயில் படியும் அதே உப்புதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை ஒருமுறை முக்கிப் பாருங்கள். 200-க்குள் இருந்தால் பெரிய கவலை இல்லை. 500-க்கு மேல் என்றால் கடைசி அலசலுக்கு வேறு தண்ணீர் வேண்டும்.

ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் காருக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. நோக்கம் நல்லதுதான், ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது; குழாய்த் தண்ணீரைவிட மோசம். அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். காருக்கு ஏற்றது ஏ.சி. பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பு அநேகமாக இருக்காது. கடலோர ஊரின் ஈரக் காற்றில் ஓர் இரவு ஏ.சி. ஓடினால் சில லிட்டர் சேரும். துணியில் வடிகட்டி கேனில் பிடித்து வையுங்கள். மொட்டை மாடி மழைநீரும் இதற்குச் சமம். முதல் மழையை மட்டும் விட்டுவிட வேண்டும்.

என்னென்ன வேண்டும்

பத்து லிட்டர் வாளி மூன்று: ஒன்று ஷாம்புக்கு, ஒன்று கையுறையை அலச, ஒன்று சக்கரத்துக்கு மட்டும். மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, ஈரம் உறிஞ்சும் பெரிய மைக்ரோஃபைபர் டவல் ஒன்று, சிறிய துணிகள் ஐந்தாறு. பி.எச். நடுநிலையான, அதாவது அமிலத்தன்மையோ காரத்தன்மையோ இல்லாத கார் ஷாம்பு. குழாய் எட்டாத இடம் என்றால் செடிக்கு மருந்து அடிக்கும் ஐந்து லிட்டர் கைப்பம்ப் ஸ்பிரேயர், புதிதாக வாங்கியது, மருந்தே படாதது, அருமையாக உதவும். பாத்திரம் துலக்கும் திரவம், துணி துவைக்கும் பவுடர் இரண்டும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்த சரக்கு, நீங்கள் போட்ட வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். பவுடர் சரியாகக் கரையாவிட்டால் அதுவே உரசும்.

கழுவும் வரிசை

காலை எட்டு மணிக்குள் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு, நிழலில். பானெட்டில் உள்ளங்கையை வைத்தால் சுடக் கூடாது. ஓட்டி வந்தவுடனே கழுவினால் ஷாம்பு உடம்பிலேயே காய்ந்து கோடு விழும். சூடான பிரேக் டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் படுவதும் நல்லதல்ல.

சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். பிரேக்கிலிருந்து உதிரும் கரும்பொடியில் இரும்புத் துகள் இருக்கிறது. கடைசியாகக் கழுவினால் அது சுத்தமான கதவில் தெறிக்கும். இதற்கான துணியும் வாளியும் வேறு எதற்கும் போகக் கூடாது. அலாய் சக்கரத்தில் பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், அப்புறம் மேல்பூச்சு பொரிந்து வரும்.

அடுத்து, கை வைக்காமல் காரை மேலிருந்து கீழாக நனைத்து மணலை ஓட விடுங்கள். இந்த ஒரு படியைத் தாவுகிறவர்களின் காரில்தான் அதிகக் கீறல். 15 லிட்டராவது செலவாகட்டும். மழைக்காலச் சேறு காய்ந்திருந்தால் ஐந்து நிமிடம் ஊற விட்டு மறுபடி நனைக்க வேண்டும். ஷாம்பு வாளியில் பாட்டிலில் எழுதியிருக்கும் அளவு போடுங்கள். பெரும்பாலும் பத்து லிட்டருக்கு 15 முதல் 30 மில்லிக்குள் வரும். அதிகம் ஊற்றினால் அழுக்கு அதிகம் போகாது, அலசத்தான் அதிகத் தண்ணீர் வேண்டும்.

கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி, கடைசியில் கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும். இந்த வரிசைக்குக் காரணம், மணல் கீழேதான் அதிகம். கையுறையை அழுத்தாமல், அதன் எடை மட்டும் பட, நேர்கோட்டில் இழுங்கள். வட்டமாகத் தேய்க்கும் பழக்கம் கையை விட்டுப் போக நாளாகும். ஒரு பகுதி முடிந்ததும் கையுறையை இரண்டாவது வாளியில் பிழிந்து அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். முடித்த பிறகு அலசல் வாளியின் அடியைப் பாருங்கள். அங்கே கிடக்கும் மணலெல்லாம் ஒரே வாளி முறையில் பெயின்ட்டுக்குத் திரும்பிப் போயிருக்கும். கையுறை கீழே விழுந்துவிட்டால் அதை ஒதுக்கிவிட்டு வேறு துணி எடுங்கள்.

ஷாம்பு காயும் முன் அலசி, கடைசியாக ஏ.சி. தண்ணீர் ஐந்து லிட்டரை ஸ்பிரேயரில் கூரையிலிருந்து ஓட விடுங்கள். உடனே டவல். பெரிய டவலை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தால் போதும். மொத்தம் 60 லிட்டருக்குள் முடிந்துவிடும். ஹோஸைத் திறந்து விட்டால் அது நாலைந்து நிமிடத் தண்ணீர். சைடு மிரருக்குள்ளும் கதவுக் கைப்பிடிக்குள்ளும் தங்கிய நீர் பிறகு வடிந்து கறை போடும், அதையும் ஒற்றி எடுங்கள். கதவுகளைத் திறந்து ஓரங்களைத் துடைப்பது சிறு வேலை, ஆனால் துரு ஆரம்பிக்கும் இடம் அதுதான்.

சர்வீஸ் நிலையத்தில் வாட்டர் வாஷ் கொடுப்பதானால் இரண்டைச் சொல்லிவிடுங்கள். பிரஷர் கன்னை ஓரடிக்கு மேல் தள்ளிப் பிடிக்க வேண்டும். இன்ஜின் பகுதியில் அடிக்கவே கூடாது. இன்றைய கார்களில் அங்கே சென்சார்களும் வயர் கனெக்டர்களும் நிறைய; ஈரத் துணியால் துடைத்தாலே போதும். அடிப்பாகத்தில் டீசல் அடித்துத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். புஷ், பூட் போன்ற ரப்பர் பாகங்கள் டீசலில் ஊறிப் பலமிழக்கும், பிசுக்கில் தூசியும் ஒட்டும்.

கறைகளை எடுப்பது

உப்புக் கறை புதிதாக இருந்தால் சமையல் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து, கறை மேல் ஓரிரு நிமிடம் ஒற்றி வையுங்கள். காய விடாமல் நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். அதன் பிறகும் வளையம் தெரிந்தால் உப்பு கிளியர் கோட்டை அரித்துவிட்டது என்று பொருள். அதற்குப் பாலிஷ் மட்டுமே வழி.

பறவை எச்சத்தை அன்றைக்கே எடுக்க வேண்டும். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பெயின்ட் விரிந்து இளகும்போது எச்சம் காய்ந்து இறுகிப் பிடித்துக்கொள்கிறது. சுரண்டாதீர்கள். டிஷ்யூவைத் தண்ணீரில் நனைத்து மேலே பத்து நிமிடம் போட்டு, ஊறியதும் கிள்ளி எடுப்பதுபோல் தூக்குங்கள். மாமரத்தடியில் நிறுத்தும் கார்களில் பிசுபிசுவென்று படிவது பெரும்பாலும் மரத்தின் பால் அல்ல, தத்துப்பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீர். வெதுவெதுப்பான ஷாம்புத் தண்ணீரில் போய்விடும். விட்டுவைத்தால் கரும்பூசணம் பிடிக்கும். தார்ப் புள்ளிக்குத் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு ஒற்றி, உடனே ஷாம்பு போட்டு அலசலாம்.

ஆயுத பூஜைக் கறை தனி ரகம். கடைக் குங்குமம் பலவற்றில் செயற்கைச் சாயம் இருக்கிறது. ஈரச் சந்தனத்தோடு வெள்ளைப் பெயின்ட்டில் இரண்டு நாள் இருந்தால் ரோஸ் நிறத் திட்டு நிற்கும். பொட்டைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைத்தால் சாமிக்கும் குறை இல்லை, காருக்கும் குறை இல்லை. மாலையை நூலில் கட்டுங்கள். கம்பி பானெட்டைக் கீறும்.

வேக்ஸ், சீலன்ட், செராமிக்

இவை பெயின்ட் மேல் காப்பாகப் பூசுபவை. பூசும் முன், கழுவிக் காய்ந்த பானெட்டில், மெல்லிய பிளாஸ்டிக் கவரை விரலில் போட்டுத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் கழுவலில் போகாத துகள் பதிந்திருக்கிறது. பதிந்த துகளை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டிக்குக் கிளே பார் என்று பெயர். அதில் பாதியைப் பிட்டு, ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் வழுக்க விடுங்கள். அழுக்கானதும் மடித்துப் பிசைந்து புதுப் பக்கத்தால் தொடரலாம். தரையில் விழுந்த கிளே குப்பைக்குத்தான். வருடத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் இது தேவைப்படாது.

கார்னாபா வேக்ஸ் நம் வெயிலில் ஒன்று முதல் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கும். செயற்கை சீலன்ட் மூன்று முதல் ஆறு மாதம். எதுவானாலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு மெல்லிசாகத் தடவுங்கள். தடிமனாகப் பூசினால் துடைத்தெடுக்கத்தான் பாடு. சில நிமிடம் கழித்து விரலால் இழுத்துப் பார்த்து, சுத்தமாக வந்தால் துடைக்கலாம். கருப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளையாக ஏறிவிடும்.

செராமிக் கோட்டிங் ஓரிரண்டு வருடம் வரும், அழுக்கும் எளிதில் போகும். ஆனால் விளம்பரத்தில் வரும் '9 ஹெச்' பென்சில் கடினத்தன்மையின் அளவு. கல் பட்டால் கீறல் விழும், மணல் துணியால் துடைத்தாலும் விழும். உருண்டு நிற்கும் நீர்முத்து அழகுதான், அது போர் தண்ணீராக இருந்தால் அதே இடத்தில் காய்ந்து உப்பு வளையமாகிறது. கோட்டிங் போட்ட காரையும் துடைத்துத்தான் ஆக வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதிக்குக் குறைந்தது ஒரு மாதமாவது எதுவும் பூசாதீர்கள். உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேறட்டும்.

தூசி படிந்த கார்மேல் கவர் போடுவது உப்புத்தாளைப் போர்த்துவது மாதிரி. காற்றில் கவர் ஆடும்போதெல்லாம் தேயும்.

உள்பக்கம்

மிதியடிகளை வெளியே எடுத்து, மேலிருந்து கீழாக வேக்குவம். ஏ.சி. துவாரங்களுக்குப் புதுப் பெயின்ட் பிரஷ் போதும். டேஷ்போர்டை ஈர மைக்ரோஃபைபரால் துடையுங்கள். எண்ணெய்ப் பளபளப்புத் தரும் பாலிஷ் வேண்டாம். வெயிலில் அதன் பிரதிபலிப்பு முன்கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும், தூசியும் ஒட்டும். தொடுதிரையில் ஸ்பிரே நேரடியாக அடிக்காமல் துணியில் தெளித்துத் துடைக்கவும். கூரைத் துணியை நனைக்கவே கூடாது. அது பசையில் நிற்கிறது, ஊறினால் தொங்கிவிடும்.

சாம்பார் கொட்டினால் சோப்பைத் தேடி ஓடாதீர்கள். சாம்பாரிலுள்ள மஞ்சள், காரத்தன்மை (அல்கலி) உள்ள பொருள் பட்டால் சிவப்பாக மாறும். சோடா உப்பும் துணி சோப்பும் அதைத்தான் செய்யும். முதலில் கெட்டியை வழித்து, குளிர்ந்த தண்ணீரில் ஒற்றி, நீர்த்த கார் ஷாம்பு போட்டு எடுங்கள். மிச்சமிருக்கும் மஞ்சளை வெயில் வெளுக்கும். அந்தப் பக்கக் கதவு வெயிலைப் பார்க்க நிறுத்தினாலே பாதி வேலை முடியும். பால் கொட்டினால் அன்றைக்கே கார்பெட்டைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சுவரை கழுவிக் காயவைக்க வேண்டும். மேலே சென்ட் அடித்தால் இரண்டு நாற்றமும் சேர்ந்து வரும்.

ஏ.சி. போட்டதும் ஈரத்துணி வாடை அடித்தால் குளிர்ச்சுருளில் பூசணம். கேபின் ஃபில்டர் பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், வீட்டிலேயே மாற்றலாம். அதன்பிறகு, போய்ச் சேருவதற்கு மூன்று நிமிடம் முன்பே ஏ.சி.யை அணைத்து ஃபேனை மட்டும் ஓட விடும் பழக்கம் சுருளை உலர்த்தும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஐப்பசி பிறக்கும்போதே ஒரு வேலை செய்து வையுங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் நிற்கும் பள்ளத்தில் வேப்பிலையும் புங்கைப் பூவும் மக்கிக் கிடக்கும். கையால் அள்ளி எடுத்து, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு ஓரத்திலும் வடிந்து கீழே கொட்ட வேண்டும். கதவுகளின் அடி விளிம்பில் இருக்கும் சிறு துளைகளையும் ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். தேங்கி நின்றால் அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் முன்சீட்டின் கார்பெட்.