உருண்டை வரைபடத்தில் திசை தொலையாமல் ஆடுவது எப்படி

உருண்டைக் கோள்களின் மேல் படை நடத்தும் கணினி ஆட்டமான பிளானட்டரி அனிஹிலேஷனை ஆடத் தொடங்கிய முதல் வாரத்தில் தோற்ற ஓர் ஆட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. என் பேஸ் (படைத்தளம்) 60 டிகிரி வட அட்சரேகைக்குப் பக்கத்தில் இருந்தது. எதிரியின் பேஸும் அதே அட்சரேகையில்தான், ஆனால் கோளின் மறுபக்கத்தில். 40 டாங்குகளைத் தேர்ந்தெடுத்தேன். கேமராவைக் கிழக்கே உருட்டிக்கொண்டே போய் எதிரி பேஸின் மேல் கிளிக் செய்தேன். திரும்பி வந்து பார்த்தால் டாங்குகள் கிழக்கே போகவில்லை, நேராக வடக்கே ஏறிக்கொண்டிருந்தன. தப்பான இடத்தில் கிளிக் செய்துவிட்டோம் என்று நினைத்துத் திருப்பி அழைத்தேன். மறுபடி அனுப்பினேன், மறுபடியும் வடக்கே போயின. மூன்றாவது முறை அனுப்புவதற்குள் எதிரிப் படை துருவத்தைத் தாண்டி வந்து என் பேஸுக்குள் இறங்கிவிட்டது.

டாங்குகள் சரியான வழியில்தான் போயிருக்கின்றன. 60 டிகிரி அட்சரேகையில் கோளைச் சுற்றிவரும் தூரம் நடுக்கோட்டில் இருப்பதில் சரிபாதி. அதனால் அந்த ரேகையை ஒட்டியே மறுபக்கம் போனால், நடுக்கோட்டில் 90 டிகிரி போகிற தூரம் ஆகும். துருவத்தின் மேலாகப் போனால் 30 டிகிரி ஏற்றம், 30 டிகிரி இறக்கம், மொத்தம் 60. மூன்றில் ஒரு பங்கு தூரம் மிச்சம். யூனிட்டுகளுக்கு அது தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் தட்டையான வரைபடத்தில் பழகிய கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்துதான் இந்தக் கேமராவை உட்கார்ந்து பழகினேன். 2014-இல் வெளிவந்த இந்த ஆட்டத்தை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன். கோளைச் சுழற்றிப் பார்க்கும் எந்த ஆட்டத்துக்கும் இதே கணக்குதான்.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள், இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆளில்லாத ஒரு வரைபடத்தைத் திறந்து, கேமரா அமைப்பில் இருக்கும் போல் லாக்கை (வடக்கைத் திரையின் மேலேயே பிடித்து வைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். திரையின் மேல்பக்கம் வடக்காக இருக்கும்படி நடுக்கோட்டில் ஓர் இடத்தில் நில்லுங்கள். இனிமேல் கேமராவைச் சுழற்றும் விசையைத் தொடவே கூடாது, நகர்த்த மட்டும் வேண்டும். கிழக்கே கால் சுற்று போங்கள். அங்கிருந்து நேராக வட துருவத்துக்கு ஏறுங்கள். துருவத்திலிருந்து, புறப்பட்ட இடத்துக்கே நேராக இறங்குங்கள். வந்து சேர்ந்ததும் திரையின் மேல்பக்கம் மேற்கைக் காட்டும், வடக்கு உங்கள் வலது கைப்பக்கம் போயிருக்கும்.

நீங்கள் எதையும் சுழற்றவில்லை, ஆனாலும் காட்சி 90 டிகிரி திரும்பிவிட்டது. வளைந்த பரப்பில் எந்தச் சுற்றுப் பாதையில் போய் வந்தாலும் இப்படித்தான் நடக்கும். பாதைக்குள் அடங்கும் பரப்பு பெரிதாகப் பெரிதாகத் திருப்பமும் கூடும். நாம் போன முக்கோணத்துக்குள் அடங்கியது கோளின் பரப்பில் எட்டில் ஒரு பங்கு. சின்ன நிலாக்களில் இது இன்னும் மோசம். ஆரம் பாதியாக இருக்கும் நிலாவில் அதே அளவு பரப்பைச் சுற்றி வந்தால் திருப்பம் நான்கு மடங்கு ஆகிவிடும். பெரிய கோளில் தடுமாறாமல் ஆடுகிறவர்கள் நிலாவில் இறங்கியதும் திணறுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பலரும் தங்கள் கைமேல் பழி போடுகிறார்கள். கையில் தப்பு இல்லை.

ஆகவே முதல் வேலை, போல் லாக்கை இயக்கி வைப்பது. அது இருந்தால் வடக்கு எப்போதும் திரையின் மேலேயே இருக்கும். புதிதாக ஆடுகிறவர் முதல் இருபது ஆட்டத்துக்காவது அதை அணைக்க வேண்டாம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. துருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். 80 டிகிரி அட்சரேகையில் சுற்றளவு நடுக்கோட்டில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். கேமராவைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளினாலே காட்சி பம்பரமாகச் சுற்றும். துருவத்தில் சண்டை மூண்டால் லாக்கை அணைத்து ஆடுங்கள், முடிந்ததும் மறக்காமல் வடக்கை மேலே கொண்டுவாருங்கள். காட்சியைத் துருவத்துக்கு நேராக்க ஒரு விசை இருக்கும். அது கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால், இடது கை விரல்கள் படும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். நான் அதை ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஓர் ஆட்டத்தில் அதிகம் அழுத்துவது அதைத்தான்.

இன்னும் இரண்டு அமைப்புகள். மவுஸ் திரை ஓரத்தைத் தொட்டால் கேமரா நகரும் வசதியை அணைத்துவிடுங்கள். தட்டையான வரைபடத்தில் ஓரத்தில் போய் முட்டி நின்றுவிடும். உருண்டையில் முட்ட ஓரமே இல்லை, நீங்கள் கவனிக்காத நேரத்தில் அது வழுக்கிக்கொண்டே போகும். அப்புறம், கர்சர் இருக்கும் இடத்தை நோக்கி ஜூம் ஆகும் அமைப்பு இருந்தால் இயக்குங்கள்.

இந்த ஜூம்தான் நான் ஊர்ந்து போகாமல் பயணம் செய்யும் வழி. தூரத்தில் இருக்கும் இடத்துக்குக் கேமராவை இழுத்துக்கொண்டே போனால் வழி நெடுகத் திசையைக் கணக்கு வைத்திருக்க வேண்டும். அதற்குப் பதில் முழுக் கோளும் தெரியும் வரை வெளியே வாருங்கள், வேண்டிய இடம் முன்பக்கம் வரும்படி ஒரே ஒரு முறை திருப்புங்கள், அந்த இடத்தின் மேல் கர்சரை வைத்து உள்ளே போங்கள். வெளியே வந்த அந்த ஒரு நொடியில் என் பேஸ் எங்கே, எதிரி எங்கே, துருவம் எங்கே என்று மூன்றும் கண்ணில் பட்டுவிடும்.

ஆனால் வெளியே வந்துவிட்டால் பாதிக் கோள் தெரிகிறது என்று நம்பிவிடாதீர்கள். பாதி ஒருபோதும் தெரியாது. கோளின் ஆரம் அளவுக்கு உயரத்தில் நின்றால் பரப்பில் கால் பங்குதான் தெரியும். விட்டம் அளவு உயரத்துக்குப் போனாலும் மூன்றில் ஒரு பங்கு. வட துருவத்துக்கு மேலே ஒரு பார்வை, தென் துருவத்துக்கு மேலே ஒரு பார்வை, அவ்வளவுதான் முழுக் கோளையும் பார்த்தாகிவிட்டது என்று நானே நீண்ட நாள் ஆடினேன். அந்த உயரத்திலிருந்து இரண்டு துருவப் பார்வையும் சேர்ந்து நடுக்கோட்டின் இருபுறமும் ஏறக்குறைய 19 டிகிரி அகலப் பட்டையை விட்டுவிடுகின்றன. அந்தப் பட்டை கோளின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு! அதற்குள் ஒரு முழு பேஸ் கட்டிவிடலாம், என்னோடு ஆடிய ஒருவர் கட்டவும் செய்தார்.

இப்போது நான் செய்யும் ரோந்து ஐந்து நிறுத்தம். நடுக்கோட்டில் 120 டிகிரி இடைவெளியில் மூன்று, துருவத்துக்கு ஒன்று வீதம் இரண்டு. வட்டின் விளிம்பில் தெரிவதெல்லாம் நசுங்கித் தெரியும் என்பதால் நடுவில் இருப்பதை மட்டும் நம்புகிறேன். உருண்டையில் மூலையும் இல்லை, முதுகைச் சாய்த்துக்கொள்ளச் சுவரும் இல்லை, தாக்குதல் எந்தப் பக்கத்திலிருந்தும் வரும். அதனால் இந்த ரோந்தை விடுவதே இல்லை.

கேமரா இடங்களைச் சேமிக்கும் வசதி இருந்தால் நான்கு போதும்: பேஸ், போர்முனை, பேஸுக்கு நேர் மறுபக்கம், பக்கத்துத் துருவம். மறுபக்கத்தை ஏன் சேமிக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் பேஸிலிருந்து மிகத் தொலைவான புள்ளி அதுதான், எந்தப் பக்கம் உருட்டிப் போனாலும் அதே தூரம், எனவே அங்கே எட்டிப் பார்க்கவே தோன்றாது. சேமிக்கும் வசதி இல்லாத ஆட்டத்தில், அசையாத ஒரு ராடாரையோ தொழிற்சாலையையோ தனி எண்ணில் குழுவாக வைத்து, அந்த எண்ணை இரண்டு முறை தட்டுங்கள். கேமரா அங்கே தாவிவிடும். நகரும் படையை இதற்கு வைக்காதீர்கள். திரைக்குள் இன்னொரு சின்னத் திரை திறக்க முடிந்தால் அதில் பேஸை நிறுத்தி வையுங்கள்.

கூட்டாளியோடு ஆடும்போது "இடதுபக்கம் வர்றாங்க", "மேலே பாரு" என்பதை அடியோடு விட்டுவிடுங்கள். அவர் திரையில் இடது வேறு, உங்கள் திரையில் இடது வேறு. ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே நிலத்துக்குப் பெயர் வைத்துவிடுவோம்: பெரிய குழி, இரட்டை மலை, எரிமலைக் குழம்பு ஏரி. "இரட்டை மலைக்கு வடக்கே" என்றால் யாருக்கும் குழப்பம் வராது. பகலும் இரவும் சந்திக்கும் கோட்டை அடையாளமாகச் சொல்லக் கூடாது, கோள் சுழலும் ஆட்டத்தில் அது நகர்ந்துவிடும்.

வடக்கு மேலேதான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17-இலிருந்து எடுத்த புகழ்பெற்ற பூமிப் படத்தில் முதலில் தெற்குதான் மேலே இருந்தது. பிறகு திருப்பித்தான் வெளியிட்டார்கள். தென் அரைக்கோளத்தில் பேஸ் அமைந்தால் தெற்கை மேலே வைத்து ஆடலாமா என்று கேட்டால், தாராளமாக ஆடலாம். ஆட்டத்தின் நடுவில் மட்டும் மாற்றக் கூடாது.

சரி, சண்டை நடுவில் திசை தொலைந்துவிட்டது, என்ன செய்வது? முதலில் எந்த யூனிட்டுக்கும் கட்டளை கொடுக்காதீர்கள். பேஸ் இடத்துக்குத் தாவுங்கள். வடக்கை நேராக்குங்கள். முழுக் கோளும் தெரியும் வரை வெளியே வந்து, சண்டை நடக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, கர்சரை அதன் மேல் வைத்து உள்ளே போங்கள். பழகிய கைக்கு இது மூன்று நொடி. யூனிட்டுகள் நீங்கள் நினைத்த திசையில் போகவில்லை என்று தோன்றினால், திருப்பி அழைப்பதற்கு முன் துருவம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.