குமரி மாவட்டத்தில் வீடற்றவர் ஒருவரைத் தங்குமிடத்தில் சேர்ப்பதும், அங்கிருந்து ஒரு வீட்டுக்குக் கொண்டுசெல்வதும்

திப்ரூகரிலிருந்து வரும் விவேக் எக்ஸ்பிரஸும் கத்ராவிலிருந்து வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸும் கன்னியாகுமரி ரயில் நிலையத்தில்தான் பயணத்தை முடிக்கின்றன. எங்கே போகிறோம் என்று தெரியாமல் வண்டியேறியவர்கள்கூட இங்கே இறங்கியாக வேண்டும். இதற்கு மேல் தண்டவாளம் இல்லை. நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலும், கடைகள் அடைத்தபின் தெருவோரத் திண்ணைகளிலும் படுத்திருப்பவர்களில் அவர்களும் உண்டு, சொத்தை எழுதிக் கொடுத்தபின் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த நம் ஊர் முதியவர்களும் உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது என்பதால், திறந்தவெளியில் உறங்குபவர்களுக்கு நனையாத மாதங்கள் சொற்பமே.

இவர்களில் ஒருவருக்கு உதவ முன்வருவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. காப்பகம் என்பது இடைக்காலத் தங்கல்தான். அங்கே சேர்த்த நாளிலிருந்தே அடையாள ஆவணம், ஓய்வூதியம் அல்லது வேலை, வாடகை அறை ஆகியவற்றுக்கான ஏற்பாடு தொடங்காவிட்டால், சில வாரங்களில் அந்த மனிதர் பழைய திண்ணைக்கே திரும்பிவிடுவார். எனவே, படுக்கை தேடுவதற்குச் செலவிடும் முயற்சியைவிட அதன்பின் வரும் வேலைகளுக்கே கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

முதல் சந்திப்பில் படம் எடுக்காதீர்கள். பெயரைக்கூட உடனே கேட்க வேண்டியதில்லை. நின்றபடி பேசாமல் அருகில் உட்கார்ந்து, "பாட்டா, சாப்பிட்டீங்களா?" என்று தொடங்கினால் போதும். வடமாநிலத்தவர் என்று தோன்றினால் இந்தியோ வங்காளமோ அறிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். மாவட்டத்தில் கட்டட வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இதற்கு மனமுவந்து உதவக்கூடும். அவர் அருகில் வைத்திருக்கும் மூட்டையைக் குப்பை என்று எண்ணித் தொடவோ வீசவோ கூடாது. மருத்துவச் சீட்டு, பழைய குடும்ப அட்டை, ஊர்ப் பெயர் எழுதிய ஒரு துண்டுத்தாள் ஆகியவை பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். காப்பகத்துக்குப் போகும்போது மூட்டையும் அவரோடு போக வேண்டும். அவர் வர மறுத்தால் வற்புறுத்தாமல் மறுநாள் மீண்டும் செல்லுங்கள். சுயநினைவோடு வேண்டாம் என்று சொல்பவரைக் கட்டாயப்படுத்தி வண்டியில் ஏற்றுவது உதவி ஆகாது.

புண், காய்ச்சல், மயக்கம் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன் 108ஐ அழைத்து, ஆசாரிபள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ கொண்டுசெல்லுங்கள். காலில் ஆறாத புண்ணோடு இருப்பவரைச் சேர்த்துக்கொள்ளக் காப்பகங்கள் தயங்குகின்றன. மருத்துவமனைச் சீட்டு கையில் இருந்தால் அந்தத் தயக்கம் பெருமளவு நீங்கும்.

யாருக்கு எந்த வாசல் என்பது அடுத்த கேள்வி. மனநலம் பாதிக்கப்பட்டு, தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாமல் அலைபவராக இருந்தால், தனியார் காப்பகத்தின் கதவைத் தட்டுவதற்கு முன் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு, அத்தகையவரைப் பாதுகாப்பில் எடுப்பதைக் காவல் நிலைய அதிகாரியின் கடமையாக்கியிருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் அவரை அருகிலுள்ள பொது மருத்துவ நிறுவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும், எக்காரணத்தாலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது, காணாமல்போனவர் என முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். வீடற்றவர்களுக்கு மனநலச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்றும், வீடில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. காவல் நிலையத்தில் தயக்கம் காட்டினால் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் மனு கொடுத்து, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அதன் உதவி எண் 15100.

பெண்களுக்கு 181ஐ அழைத்தால் ஒருங்கிணைந்த சேவை மையம் வழியாகக் குறுகிய காலத் தங்கலும், அதைக் கடந்து தேவைப்படுவோருக்கு நீண்ட காலக் காப்பகமும் ஏற்பாடாகும். சிறுவர் சிறுமியர் எனில் 1098. அவர்களை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பதால், நல்லெண்ணத்தோடுகூட நம் வீட்டில் தங்கவைத்துக்கொள்ளக் கூடாது. முதியவர்களுக்கு 14567. பிள்ளைகள் கைவிட்ட முதியவர் என்றால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் நிலை அதிகாரியின் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, அந்த நிபந்தனை பத்திரத்தில் இருந்து அது மீறப்பட்டால், 23ஆவது பிரிவின்கீழ் ரத்து செய்யவும் வழியிருக்கிறது. சில முதியவர்களுக்கு வேண்டியது முதியோர் இல்லம் அல்ல, அவர்களுடைய சொந்த வீடுதான் என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இவற்றில் எதிலும் சேராத, வேலை செய்யக்கூடிய ஆண்களுக்கும் பெண்களுக்கும் உரியது நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடம். 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறைகள், ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு நிரந்தரத் தங்குமிடம், ஒருவருக்கு ஏறத்தாழ 50 சதுர அடி இடம், குடிநீர், கழிப்பறை, பொதுச் சமையலறை, தனிப்பட்ட பொருள்களை வைக்கப் பூட்டும் பெட்டி ஆகியவற்றை வலியுறுத்தின. நாகர்கோவில் மாநகராட்சி அலுவலகத்திலோ அந்தந்த நகராட்சியிலோ இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மழை கொட்டும் இரவில் தேடத் தொடங்கினால் யாரும் தொலைபேசியை எடுப்பதில்லை.

தனியார் காப்பகம்தான் வழி என்றால், உரிமச் சான்றைக் கேட்டுப் பார்த்தபின் அவரைச் சேர்த்துவிடுங்கள். மனநலம் பாதித்தவர்களை வைத்திருக்கும் இல்லத்துக்கு மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அனுமதியின்றி நடந்த ஒரு காப்பகத்தில் நடந்த கொடுமைகள் வெளியானதை நாம் மறந்துவிடக் கூடாது. உள்ளே போய்ச் சமையலறையையும் கழிப்பறையையும் பாருங்கள். படுக்கையறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். வெளிப்பக்கம் பூட்டும் அறையில் யாரையும் விட்டுவிட்டு வர வேண்டாம்.

சேர்க்கும்போது ஒரு தாளில் அவர் சொன்னபடியே பெயர், மொழி, ஊர், கண்ட இடம், தேதி, உடல் அடையாளங்கள், மருந்துகள் ஆகியவற்றை எழுதி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் காப்பகத்திலும் மற்றொன்றைப் பிளாஸ்டிக் உறைக்குள் அவரிடமும் கொடுங்கள். பின்னால் தேவைப்படும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்தத் தாள்தான் அடிப்படை.

ஆவணங்களில் முதலாவது ஆதார். முன்பே எடுத்து எண்ணை மறந்தவர் எனில், பதிவு மையத்தில் கைரேகை வைத்து மீட்கலாம். பலருடைய சொந்த ஊர் தெரியவந்தது இப்படித்தான். புதிதாக எடுப்பதற்கு, அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் தரும் சான்றை முகவரிக்கு ஏற்கிறார்கள். வங்கியில் ஆவணமே இல்லாதவருக்கும், அதிகாரியின் முன் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்து, புகைப்படம் கொடுத்துச் சிறு கணக்கு தொடங்க முடியும்; அதில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. வாக்காளர் பட்டியலில் சேர வீட்டு முகவரி தேவையில்லை: படிவம் 6இல் உறங்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே வந்து, அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பதே தேர்தல் ஆணையத்தின் விதி. முதியோர் ஓய்வூதியம் 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையின்போது காப்பகத் தாளைக் காட்டுங்கள். இழுத்தடித்தால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

குடும்பத்தைக் கண்டுபிடித்தால், வெளிமாநிலத்தவரைத் தனியாக ரயிலேற்றி அனுப்பாதீர்கள். வீட்டார் வர வேண்டும், அல்லது ஒருவர் உடன் செல்ல வேண்டும். அவர் எடுத்துவரும் மருந்தின் பெயரும் அளவும் அந்த ஊர் மொழியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். திரும்பிப்போக விரும்பாதவரிடம் காரணத்தைத் தனியே கேளுங்கள். அடியும் உதையும் வாங்கிய வீட்டுக்கு அனுப்பிவைப்பதைச் சேர்த்துவைத்தல் என்று சொல்ல முடியாது.

வாடகை அறை பார்க்கும் கட்டத்தில் ஒருவருக்குத் தனியறை தேடுவதைவிட, ஒத்துப்போகும் இருவர் மூவருக்குச் சேர்த்து ஒரு வீடு பார்ப்பது எளிது. சென்னையில் 1993இல் தொடங்கிய தி பேனியன் அமைப்பு, மனநலச் சிகிச்சை முடிந்த பெண்களைச் சிறு குழுக்களாகச் சாதாரணத் தெருவிலுள்ள வாடகை வீடுகளில் குடியமர்த்தி, இது நடைமுறையில் சாத்தியம் என்பதைக் காட்டியிருக்கிறது. வீட்டு உரிமையாளரிடம் குடியேறுபவரின் கடந்த காலத்தை விவரிக்க வேண்டியதில்லை. அட்வான்ஸ் பணத்துக்கும் மாத வாடகைக்கும் யார் பொறுப்பு என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லி, ஒப்பந்தத்தில் குடியிருப்பவரின் பெயரையே எழுதச் சொல்லுங்கள். அந்தப் பெயரில் இருக்கும் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டித்தான் அவர் குடும்ப அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். முதல் மூன்று மாதங்கள் வாரம் ஒருமுறையாவது போய், சமையல் நடக்கிறதா, மருந்து தீர்ந்துவிட்டதா, வாடகைக்கான பணம் தனியே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.