சாஃப்ட்வேர் வாங்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்: சின்னக் கடைக்குத் திட்டம் போட்டு கம்ப்யூட்டர் கணக்கைக் கொண்டுவரும் முறை

மாமாவின் ஹார்டுவேர் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவன் நான்தான். பார்கோடு ஸ்கேனர், தெர்மல் பிரிண்டர் எல்லாம் வந்து இறங்கியது. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அது பில் அடிக்க மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, எந்தச் சரக்கு எவ்வளவு போட வேண்டும் என்பதை மாமா பழையபடி ரேக்கை அண்ணாந்து பார்த்தே முடிவு செய்கிறார். அவர் மேல் தப்பில்லை. எதற்கு என்று யோசிக்காமல் மெஷினை இறக்கியது நான். அதே சாஃப்ட்வேர் எதிர்க்கடையிலும் இருக்கிறது, அப்புறம் அதனால் நமக்கு மட்டும் என்ன லாபம்?

இரண்டாவது தடவை வரிசையை மாற்றிச் செய்தோம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்டேஷனரி, ஆட்டோ ஸ்பேர்ஸ் என்று நிறைய சில்லறை ஐட்டம் ஓடும் எந்தக் கடைக்கும் பொருந்தும். ஒரு கூகுள் ஷீட், ஒரு போன், ஒரு நோட்டு இருந்தால் போதும்.

முதல் படி: எதில் ஜெயிக்கப் போகிறீர்கள்?

கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் கடைக்கு யார் வருகிறார்கள், பக்கத்துக் கடையை விட்டுவிட்டு ஏன் உங்களிடம் வர வேண்டும் என்று எழுதுங்கள். வியாபார உத்தி பற்றி எழுதிய பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் சொன்ன கணக்குப்படி வழிகள் கொஞ்சம்தான்: எல்லோரையும்விட மலிவாகக் கொடுப்பது, மற்றவர்களிடம் இல்லாத ஒன்றைக் கொடுப்பது, குறிப்பிட்ட ஒரு கூட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்வது. மெயின் ரோட்டில் இருக்கும் பெரிய டீலரோடு விலையில் மோத மாமாவால் முடியாது. ஆனால் சுற்று வட்டாரத்து பிளம்பர்கள் பாதி வேலையில் ஓடி வருவது இந்தக் கடைக்குத்தான். அதனால் தாளில் ஒரே வரி எழுதினோம்: ‘பிளம்பர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது.’

‘தரமான சேவை’, ‘வாடிக்கையாளர் திருப்தி’ என்றெல்லாம் எழுதினால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். அந்த வரியைப் படித்தால் எதைச் செய்யக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். எங்கள் வரியின்படி ஃபேன்ஸி வாஷ்பேசின் மாடல்களில் காசு போடக் கூடாது, மாமாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இரண்டாம் படி: ‘இல்லை’ நோட்டு

இந்த முறையில் மிக மதிப்புள்ள பகுதி இதுதான், இதற்குக் கரண்டுகூட வேண்டாம். பில்லிங் சாஃப்ட்வேருக்கு விற்றது மட்டும்தான் தெரியும். ஒருவர் வந்து சிபிவிசி ரெடியூசர் (பெரிய பைப்பைச் சிறிய பைப்போடு இணைக்கும் பாகம்) கேட்டு, இல்லை என்றதும் போய்விட்டார் என்றால் அது எந்த ரிப்போர்ட்டிலும் வராது. விற்காத பொருளுக்குப் பில் ஏது? பல வருடக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் கடைக்காரருக்கே தன்னிடம் வந்து திரும்பிப் போன ஆட்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கல்லாப் பக்கத்தில் பேனாவோடு கயிறு கட்டி ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். ‘இல்லை’ என்று வாயிலிருந்து வந்த உடனே தேதி, கேட்ட பொருள், சைஸ், கேட்டவர் பிளம்பரா வீட்டுக்காரரா என்று நாலு விஷயம் எழுத வேண்டும். கடைப் பையன்கள் முதல் வாரம் எழுத மாட்டார்கள். ‘இல்லை’ எழுதினால் திட்டு விழும் என்று பயம். திட்ட மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொன்னபடி இருக்கவும் செய்யுங்கள்.

மூன்றாம் படி: ஷீட்

கடையில் இருக்கும் ஆயிரக்கணக்கான ஐட்டத்தையும் ஒரே நாளில் ஏற்றப் பார்க்காதீர்கள், மூன்றாம் நாளே கைவிட்டுவிடுவீர்கள். ஐம்பது ஐட்டத்தில் ஆரம்பியுங்கள். பெயர், சைஸ், கையிருப்பு, வாங்கிய விலை, விற்ற விலை, மாதம் விற்ற எண்ணிக்கை, சரக்கு வந்து சேர எத்தனை நாள், இவ்வளவுதான். பில்லிங் சாஃப்ட்வேர் ஏற்கெனவே இருந்தால் விற்பனை எண்ணிக்கையை அதிலிருந்தே எக்ஸெல் ஃபைலாக எடுத்து பிவட் டேபிள் போட்டால் ஐட்டம் வாரியாகக் கூட்டித் தந்துவிடும்.

பிறகு விற்பனைத் தொகையை வைத்துப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். மேலே இருப்பது ஏ, நடுவில் பி, அடியில் சி. புத்தக முறைப்படி சி ஐட்டத்தில் முதலை முடக்காதே என்பார்கள். இங்கேதான் முதல் படியில் எழுதிய வரி வேலை செய்கிறது. பைப் இணைப்பு கசியாமல் இருக்கச் சுற்றும் டெஃப்லான் டேப் அந்தப் பட்டியலில் எங்கேயோ அடியில் கிடந்தது, ஆனால் அது இல்லை என்றால் பிளம்பர் அடுத்த கடைக்குப் போய் பைப், வால்வு, எல்போ எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் பிளம்பர் கேட்கும் ஐட்டம் தொகை சிறியதாக இருந்தாலும் எங்களுக்கு ‘ஏ’ வகைதான். மேலே சொன்ன வாஷ்பேசின் போன்ற ஓடாத சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு அந்தப் பணத்தை இதில் போட்டோம்.

நான்காம் படி: எப்போது ஆர்டர் போடுவது?

கணக்கு சுலபம். கடை திறந்திருந்த 75 நாளில் அரை இஞ்ச் எல்போ 900 போயிருந்தால் ஒரு நாளைக்கு 12. சரக்கு வர 4 நாள் ஆகும் என்றால் 48, லாரி தாமதமானால் என்று இன்னும் 2 நாளுக்கு 24, ஆக மொத்தம் 72. கையிருப்பு 72-ஐத் தொட்டதும் ஆர்டர் போட வேண்டும். ஷீட்டில் கண்டிஷனல் ஃபார்மட்டிங் போட்டு அந்தக் கட்டம் சிவப்பாகும்படி வைத்துவிட்டால் ரேக்கை அண்ணாந்து பார்க்கும் வேலை முடிந்தது.

ஐந்தாம் படி: உங்கள் கடையை வாடிக்கையாளர் கைக்குக் கொண்டுபோங்கள்

ஒரு பழைய கதை. 1953-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித்தும் ஐபிஎம் விற்பனையாளர் பிளேர் ஸ்மித்தும் ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பேச்சிலிருந்து முளைத்தது சேபர் என்ற டிக்கெட் பதிவு முறை. 1964-ல் முழுதாக ஓட ஆரம்பித்தபோது அது அந்தக் கம்பெனியின் சொந்த சீட்டுக் கணக்குக்கானது. 1976-ல் அதன் டெர்மினல்களை, அதாவது அந்த முறையோடு இணைந்த கம்ப்யூட்டர் திரைகளை, டிராவல் ஏஜென்ட்டுகளின் மேசைக்கே கொண்டுபோய் வைத்தார்கள், ஆட்டம் மாறியது. ஏஜென்ட் திரையைப் பார்த்தால் முதலில் தெரிவது அமெரிக்கன் விமானங்கள்! போட்டிக் கம்பெனிகள் கூச்சல் போட்டு, 1984-ல் அந்தச் சாய்வைத் தடுக்க அரசே விதி போடும் அளவுக்குப் போனது.

நமக்கு டெர்மினல் வேண்டாம், பிளம்பர் பையில் போன் இருக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போடுங்கள். பெயரை மட்டும் போட்டால் பிரயோஜனமில்லை, சைஸ் தெரியும்படி படம் வேண்டும். பிளம்பர்களுக்குத் தனி லேபிள் வையுங்கள். உடைந்த பாகத்தைப் படமெடுத்து அனுப்பினால் எடுத்து வைத்திருப்போம், வந்து கியூவில் நிற்காமல் வாங்கிப் போகலாம் என்று சொல்லுங்கள். ஒரு சங்கதி: பலருக்கு ஒரேயடியாக அனுப்பும் சாதாரண பிராட்காஸ்ட் லிஸ்ட் மெசேஜ் உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் போகும், அதனால் கடைக்கு வரும்போதே சேவ் பண்ண வைத்துவிடுங்கள். அப்புறம் தினமும் குட்மார்னிங் அனுப்பாதீர்கள், பிளாக் செய்துவிடுவார்கள்.

மூன்று மாதம் கழித்து

‘இல்லை’ நோட்டை எண்ணிப் பாருங்கள். பிளம்பர் பெயரில் விழுந்த வரிகள் குறைந்திருந்தால் சரியான பாதை. வரி குறைந்தும் கல்லா ஏறவில்லை என்றால் முதல் படியில் எழுதிய வரியையே மாற்ற வேண்டியிருக்கும்.

எங்கள் நோட்டில் முதல் மாதம் அதிகத் தடவை விழுந்த பெயர் முக்கால் இஞ்ச் யூனியன், இரண்டு பைப்பை இணைக்கும் பாகம். உடனே ஆர்டர் போடலாம் என்று கிளம்பினால், பெயிண்ட் டின்களுக்குப் பின்னால் ஒரு சாக்கு நிறைய அதே யூனியன் கிடக்கிறது, பையனுக்குத்தான் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரியே ஷீட்டில் ‘எந்த ரேக்’ என்று இன்னொரு நெடுவரிசை சேர்த்தேன்.