நேர்மாறுச் சார்பு: வந்த வழியே திரும்புதல்

கொடிகாமத்தில் பஸ் ஏறிக் கண்டி வீதியால் யாழ்ப்பாணம் வந்தால் முதலில் சாவகச்சேரி, பிறகு நாவற்குழி. திரும்பிப் போகும்போது நாவற்குழிதான் முதலில் வரும். ஓர் எண்ணை இட்டால் ஒரு விடை தரும் விதிதான் சார்பு; அந்த விடையிலிருந்து இட்ட எண்ணுக்குத் திரும்புவது அதன் நேர்மாறு. அதைக் காணும்போதும் இதே ஒழுங்குதான்: கடைசியாகச் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும்.

ஓட்டோவுக்கு முதல் கிலோமீற்றர் 100 ரூபா, அதன் பின் கிலோமீற்றருக்கு 80 ரூபா என்று வைப்போம். தூரம் க, கட்டணம் வ எனில், வ = 80(க − 1) + 100. தூரத்தில் 1 கழித்து, 80ஆல் பெருக்கி, 100 கூட்டியிருக்கிறோம். இனித் திரும்புவோம்: 100 கழித்து, 80ஆல் வகுத்து, 1 கூட்டினால் க = (வ − 100)/80 + 1. 420 ரூபா கொடுத்தவர் போன தூரம் 5 கிலோமீற்றர். ஒழுங்கை மாற்றி முதலில் 80ஆல் வகுத்துவிட்டு 100ஐக் கழித்தால் தூரம் மறை எண்ணாக வரும்.

சரி, 60 ரூபாவைப் போட்டால்? 0.5 வருகிறது. சுருக்கலில் பிழையில்லை, ஆனால் அந்த விடைக்குப் பொருளும் இல்லை. நம் சார்பு க ≥ 1 இற்கு மட்டுமே. கட்டணம் 100இற்குக் கீழே இறங்காது. முதற் சார்பின் வீச்சுத்தான் (வரக்கூடிய விடைகள்) நேர்மாறின் ஆட்சி (இடக்கூடிய எண்கள்). அதை எழுதாத விடை அரைகுறைதான்.

க இரண்டு இடத்தில் வந்தால் படிபடியாக அவிழ்க்க முடியாது. எழுவாய் மாற்ற வேண்டும், அதாவது க ஒரு பக்கத்தில் தனியாக நிற்கும்படி சமன்பாட்டை மாற்றி எழுத வேண்டும். வ = (2க + 1)/(க − 3) என்பதில் குறுக்கே பெருக்கினால் வக − 3வ = 2க + 1. க உள்ள உறுப்புகளை ஒரு பக்கம் சேர்த்துப் பொதுக் காரணி எடுங்கள்: க(வ − 2) = 3வ + 1. ஆகவே க = (3வ + 1)/(வ − 2), வ ≠ 2. பலர் பொதுக் காரணி எடுக்காமல் வகுத்துவிட்டு, இரு பக்கமும் க நிற்க முழிப்பார்கள். சரிபார்க்க ஓர் எண் போதும்: 4 கொடுத்தால் 9, 9ஐ நேர்மாறில் இட்டால் 28/7, அதாவது 4.

வர்க்கத்தில்தான் உண்மையான சிக்கல். 3உம் −3உம் வர்க்கித்தால் 9தான். 9இலிருந்து எதற்குத் திரும்புவது? வரைபில் ஒரு கிடைக்கோடு இரண்டு இடத்தில் வெட்டினால் நேர்மாறு இல்லை. ஆட்சியைக் குறுக்கினால் கிடைக்கும். வ = (க − 2)² + 1 என்பதற்கு க ≥ 2 எனில் க = 2 + √(வ − 1); க ≤ 2 எனில் க = 2 − √(வ − 1). இரண்டிலும் வ ≥ 1. கல்குலேட்டரும் இதைத்தான் செய்கிறது: சைன் 150° = 0.5, ஆனால் 0.5இன் நேர்மாறு சைன் கேட்டால் 30° என்கிறது. அதன் விடைகள் −90° முதல் 90° வரை மட்டுமே.

நேர்மாறைக் குறிக்கச் சார்பின் தலையில் போடும் −1 அடுக்கு அல்ல. க + 5இன் நேர்மாறு க − 5. 1/(க + 5) அதன் நிகர்மாறு.

வரைபில் (4, 9) என்ற புள்ளி நேர்மாறில் (9, 4) ஆகும்; வ = க என்ற கோடு கண்ணாடி. இரு அச்சிலும் ஒரே அளவிடை வையுங்கள், இல்லாவிட்டால் விம்பம் கோணலாகத் தெரியும்.